வரன் எண் நூறு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பொய் சொல்லாத கல்யாணத் தரகர் ஒரே ஒருவர்தான். இன்னொருவர் இதுவரை பிறக்கவில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வீட்டு மின்சார அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் அவர் பயோடேட்டா அண்ணாச்சி.

பழைய மொபெட், அதன் முன்னால் ஒரு ரெக்சின் பை, பை நிறைய வரன்களின் பயோடேட்டாக்கள். எதிலும் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயரைப் போட்டுவிட்டால் இரண்டு வீட்டாரும் தரகரை விட்டுவிட்டுத் தாங்களே பேசி முடித்துவிடுவார்கள். இது எல்லாத் தரகர்களும் செய்கிற வேலை. ஆனால் வேறு எந்தத் தரகரின் பயோடேட்டாவிலும் ‘குறை’ என்று தனியாக ஒரு தலைப்பு இருந்து நான் பார்த்ததில்லை.

‘பல் துலக்காமல் காபி குடிப்பார். மற்றபடி தங்கம்.’ ‘சமையல் சுமார், பாத்திரம் உடையும் சத்தம் அதிகம்.’ ‘மாமியார் கடுமையானவர், ஆனால் காது கேட்காது.’ இப்படித்தான் இருக்கும். ஒருமுறை மில் முதலாளி ஒருவரின் மகனுக்கு, ‘மில் அப்பாவுடையது, பையனுடையது தூக்கம்’ என்று எழுதிவிட்டார். முதலாளி காரில் வந்து இறங்கிக் குதித்தார். அண்ணாச்சி பேனாவை எடுத்து நீட்டி, இதில் எது பொய் என்று காட்டுங்கள், அழித்துவிடுகிறேன் என்றார். முதலாளி தாளை மூன்று முறை படித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பையனுக்கு அடுத்த மாதமே பெண் கிடைத்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டார்கள் என்றால் இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று பெண் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். அண்ணாச்சியின் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

பொய்யே சொல்லாதவர் நாவல் எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். பழைய பேப்பர் கடையில் அவருக்கு ஒரு புத்தகம் கிடைத்ததில் வந்த வினை அது. புகழ்பெற்ற பழைய ஆங்கில நாவல் ஒன்றின் தமிழ்ச் சுருக்கம். அட்டையும் இல்லை, கடைசி இருபது பக்கமும் இல்லை. நான் போனில் தேடி முடிவைச் சொல்கிறேன் என்றதற்கு, அடுத்த வீட்டுச் சம்பந்தத்தைப் போனில் விசாரிப்பது மரியாதை இல்லை என்று மறுத்துவிட்டார்.

“சம்மந்தம் பேசி பாதியில நிக்குதேட்டி. அந்தப் புள்ள கதி என்னாச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல,” என்றார்.

சோறு இறங்குவதற்காக முடிவைத் தானே எழுதினார். எழுதியதும், மாப்பிள்ளை குடும்பத்தைச் சரியாக விசாரிக்கவில்லையே என்று உறுத்தியிருக்கிறது. விசாரிக்க ஆரம்பித்தவர் நான்கு நோட்டுப் புத்தகங்களை நிரப்பிப் புதிதாக ஒரு நாவலே எழுதிவிட்டார். அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்பதால் நோட்டுகள் என்னிடம் வந்தன.

நாவலின் பெயர் ‘பிரபு வீட்டுச் சம்பந்தம்’. இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதை. குதிரை வண்டி, மெழுகுவத்தி விருந்து, உயரமான தொப்பி எல்லாம் உண்டு. ஆனால் பிரபுவின் காலடியில் படுத்திருப்பது மூக்கு சிவந்த வெள்ளை ராஜபாளையம் நாய். விருந்தில் தேநீரோடு பால்கோவா வருகிறது. நடனத்தை எழுதும்போதுதான் அண்ணாச்சி திணறிவிட்டார். நிச்சயமாகாத பையனும் பெண்ணும் கைபிடித்து ஆடுவதை அவரால் சகிக்க முடியவில்லை. பன்னிரண்டு பக்கம் ஆடுகிறார்கள், பன்னிரண்டு பக்கமும் பெண்ணின் அத்தை நடுவிலேயே நிற்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து மேனேஜர் இரண்டு முறை விசாரித்தார்.

இப்போது அந்த நாவலின் இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. பத்திரிகையில் எழுதுவதாக இருந்தால் குறையையும் சேர்த்து எழுது, இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம் என்று அண்ணாச்சியின் உத்தரவு. எழுதிவிடுகிறேன்: நடனம் நீளம், பிரபு தேவைக்கு அதிகமாகத் தும்முகிறார். மற்றபடி தங்கம்.

முதல் பதிப்பு வந்த சமயம் என் நிலைமை அவ்வளவு சிரிப்பாக இல்லை. சென்னையில் ஒரு வார இதழில் வேலை கிடைத்திருந்தது, இரண்டு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மம்சாபுரத்தில் எங்கள் வீட்டில் சோறு கூட வரிசையில் நின்றுதான் வேகும். கல்யாணம் முடியட்டும், பிறகு எங்கே வேண்டுமானாலும் போ என்றார். நான் ஏற்கெனவே பதினொரு வரன்களைத் தட்டிக் கழித்திருந்தேன். பன்னிரண்டாவது வரனுக்கு நான் தலையாட்ட வேண்டாமாம், அவரே ஆட்டிக்கொள்வாராம்.

அந்த நேரத்தில் அண்ணாச்சியின் புத்தகங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தன. வாங்க ஆளில்லை. அண்ணாச்சிக்குத் தெரிந்த விளம்பரம் ஒன்றே ஒன்றுதான். பிரபுவுக்கு ஒரு பயோடேட்டா எழுதினார்.

‘வரன் எண் 100. வயது 28. உயரம் ஆறடி. ஊர் இங்கிலாந்து. தொழில் சொந்த எஸ்டேட் நிர்வாகம். வீடு சொந்தம், நாற்பது அறைகள். தாய் தகப்பன் இல்லை, ஒரு தங்கை. குறை: கர்வம் உண்டு. அதிகம் பேச மாட்டார்.’ கடைசி வரியாக, முழு விவரம் அறிய நாவலைப் படியுங்கள் என்று எழுதியிருந்தார். அவர் எழுதியது நீளத் தாள், ஜெராக்ஸ் கடையில் போட்டது சின்னத் தாள். கடைசி வரி விழவில்லை. கவனிக்காமல் டீக்கடை, மில் வாசல், பஸ் ஸ்டாண்டு என்று எல்லா இடத்திலும் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே ஊரின் வாட்ஸ்அப் குழுக்களில் இங்கிலாந்து மாப்பிள்ளை வலம் வர ஆரம்பித்துவிட்டார்.

அப்பா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கிலாந்து என்றதும் அவருக்கு நட்சத்திரம் கேட்பதே மறந்துபோனது. அதிகம் பேச மாட்டார் என்பது குறையில்லை, ஒழுங்கு என்றார். என்னிடம் தாளை நீட்டினார். அந்தப் பிரபுவின் தும்மல் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்தவள் நான். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இல்லாத மாப்பிள்ளை வந்து பெண் பார்ப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும், அதற்குள் அப்பாவிடம் எப்படியாவது பேசி ரயிலேறிவிடலாம் என்று ஒரு கணக்கு போட்டேன். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அம்மா சாமி அறைக்குப் போய் விளக்கேற்றினார்.

மறுநாள் அண்ணாச்சியிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அப்பாவிடம் சொல்ல மொபெட்டைக் கிளப்பிவிட்டார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு சென்னை வேலையைப் பற்றிச் சொன்னேன். அண்ணாச்சி வண்டியை அணைத்தார்.

“நானாப் போயிச் சொல்ல மாட்டேன். ஆனா ஒங்கப்பா வாயத் தொறந்து கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன். அதுக்கு மேல எங்கிட்ட எதிர்பாக்காத தாயி.”

அதனால் அப்பா அவரைப் பார்க்கவே கூடாது என்றாகிவிட்டது. அப்பா கேட்டபோதெல்லாம், அண்ணாச்சி வத்திராயிருப்புப் பக்கம் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். அண்ணாச்சியும் தன்னால் ஆனதைச் செய்தார். ஒருநாள் கண்மாய்க் கரையில் அப்பா வருவதைப் பார்த்து மொபெட்டோடு ஒரு புளியமரத்துக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறார். பார்த்தால் கேட்பார், கேட்டால் சொல்லியாக வேண்டுமே.

எல்லாவற்றையும் கெடுத்தது நாவலின் வெளியீட்டு விழா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மடவார் வளாகத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் அண்ணாச்சி அதை வைத்தார். நோட்டீஸில், ‘வரன் எண் நூறை நேரில் சந்திக்க வாருங்கள்’ என்று போட்டிருந்தார். புத்தகம் அங்கே இருக்கும்தானே, இதில் என்ன பொய் என்பது அவர் கட்சி. சவரம் செய்யப் போன இடத்தில் அப்பா கண்ணில் நோட்டீஸ் பட்டுவிட்டது.

ஒரு வேன், பதினான்கு உறவுக்காரர்கள், பூ, பழம், தேங்காய். நடுவில் பட்டுச்சேலையில் நான். உள்ளே போனால் மகாராஜபுரத்திலிருந்து இன்னொரு குடும்பம் தாம்பாளத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, அவர்களும் வரன் எண் நூறுக்குத்தான் வந்திருக்கிறார்கள். நாங்கள்தான் முதலில் சரி சொன்னோம் என்று அப்பா அவர்களிடம் சண்டைக்குப் போனார். பிறகு நேராக மேடையேறினார்.

“அண்ணாச்சி, மாப்பிள்ளை எங்க?”

அண்ணாச்சி மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இதற்குள் இருக்கிறார் என்றார். ஜெராக்ஸில் விழாமல் போன வரியைச் சொல்லி, தப்பு முழுக்கத் தன்னுடையது என்று இரண்டு குடும்பத்தாரையும் கும்பிட்டார். மகாராஜபுரத்துப் பெரியவர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி அண்ணாச்சியைப் பார்த்தார்.

“எம் மக இதத் தெரிஞ்சுதான் சரின்னு சொன்னாளா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சென்னை போனது, அதோடு அப்பா என்னை நம்பியதும் போனது என்று நினைத்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“அவளுக்குத் தெரியாது,” என்றார்.

அவர் மனைவி வாசலருகில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த நாற்பது வருஷத்தில், புடவை நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்டதற்குக்கூட அண்ணாச்சி வாயில் ஒரு நாளும் பொய் வந்ததில்லை. கையில் கிண்ணத்தோடு கணவரை யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அண்ணாச்சி ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பயத்தில் என் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார். மேடையிலிருந்து இறங்கும்போது ஒரு புத்தகம் வாங்கினார். எதற்கு என்று சித்தப்பா கேட்டதற்கு, “எம்புட்டோ பேர வேண்டாம்னவ ஒருத்தனச் சரின்னு சொல்லியிருக்கா. அவன் எப்படிப்பட்டவன்னு பாக்கணும்ல,” என்றார். அதைக் கேட்டதும் நான் நிஜமாகவே அழுதுவிட்டேன்.

அப்பா மூன்று நாளில் நாவலை முடித்தார். ஆள் நல்லவன்தான், கொஞ்சம் வாயைத் திறந்து பேசியிருக்கலாம் என்றார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், சென்னைக்குப் போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வா, மனசு ஆறட்டும் என்றார்.

நன்றி சொல்ல அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். விழாவுக்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னார். பல் பிடுங்கியவர்போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏட்டி, நாப்பது வருசத்துல ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கேன். அத வீணாக்கிராத.”

சென்னைக்கு வந்து மூன்று வருஷமாகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி முதலில் அவர் வீட்டுக்குப் போகிறேன், அதற்குப் பிறகுதான் மம்சாபுரம். அப்பாவுக்கு இது தெரியாது. இந்தப் பக்கத்தைப் படித்தால் இதுவும் தெரியும், மற்றதும் தெரியும். கோபப்படட்டும். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.