வாத்துப் படமும் மீசைக்காரனும்

அந்த மீசைக்காரனை இன்றோடு வீட்டை விட்டு விரட்டுவது என்று முடிவு செய்தேன். விரட்டுவது லேசில்லை. அவன் இருப்பது டிவிக்குள்.

மலையாளப் படம். ஒரு கிராமம், இரண்டு பங்காளிகள். ஒரு வாத்து யாருக்குச் சொந்தம் என்று படம் முழுக்கச் சண்டை. மூத்த பங்காளிதான் மீசைக்காரன். வேலியில் மாட்டிக்கொள்வான், சேற்றில் விழுவான், எழுந்து ஒரு வசனம் விடுவான். உடனே என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் சேற்றில் விழுந்தால் சிரிப்பாளா? சட்டையை யார் துவைப்பது என்று கேட்பாள்.

"உனக்குத்தான் மலையாளம் தெரியாதே. என்ன புரிஞ்சுது?"

"மனசு புரிஞ்சா போதும்ங்க. மொழி எதுக்கு?"

"நான் இத்தனை வருஷமா தமிழ்லதானே பேசறேன்? ஒண்ணும் புரியலைங்கறியே!"

"அவர் கண்ணாலயே பேசறாருங்க."

"நான்?"

"நீங்க கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறீங்க."

அவர்! மரியாதையைப் பாருங்கள். என்னைத் தேடும்போது 'இது எங்கே போச்சு' என்பவள், அவனுக்கு 'ர்' போடுகிறாள்.

வயிறு எரிந்தது. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். அதே வசனத்தை நானே பேசிச் சிரிக்க வைத்துவிட்டால்? ஆனால் சொல்லித்தர ஆள் வேண்டுமே. எனக்குத் தெரிந்து மலையாளம் அறிந்தவர் பக்கத்து வீட்டிலிருக்கும் என் பெரியப்பா மகன் ஒருவர்தான். மலையாள முதலாளியிடம் வேலை பார்த்தவர். ஆனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம், ஏணி. நான் கடைகளுக்கு போர்டு எழுதுபவன். அண்ணன் எலெக்ட்ரீஷியன். சேர்ந்து ஓர் ஏணி வாங்கினோம். இன்று யாருக்கு என்று தினமும் தகராறு. "பாகம் பிரிச்சிடலாம்" என்றேன் ரோஷமாக. அவரும் ரோஷமாக ரம்பத்தை நீட்டினார். நடுவில் அறுத்தோம். அதிலிருந்து அவருக்கு எந்த விளக்கும் எட்டவில்லை. நான் எழுதும் போர்டுகளைக் குழந்தைகளைத் தவிர எல்லோரும் குனிந்துதான் படிக்கிறார்கள்.

ரோஷமா, பொறாமையா? பொறாமை ஜெயித்தது. போய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன?" என்றார் அண்ணன், என் தலைக்கு மேலே பார்த்தபடி.

"ஒரு மலையாள வசனம் அண்ணே... அந்த வாத்துப் படத்துல..."

அவர் முகம் கறுத்தது. "மீசைக்காரனா?"

"உங்களுக்கு எப்படி..."

"உங்க அண்ணியும் அதையேதான்டா போட்டுப் பாக்கறா! மொழி தெரிஞ்சவன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கல. மனசு புரிஞ்சா போதுமாம்!"

"அண்ணே!"

"தம்பி!"

கட்டிக்கொண்டோம்.

"அது ஒட்டு மீசைடா."

"சந்தேகமே இல்லைண்ணே. அவனை விட வாத்து நல்லா நடிச்சிருக்கு."

மீசைக்காரனைத் திட்டத் திட்ட மனசு லேசானது. திட்டிக்கொண்டே ஏணியின் இரண்டு பாகங்களையும் கொண்டுவந்து, கட்டை கொடுத்து, ஆணி அடித்துச் சேர்த்தோம். நிமிர்ந்தால் வாசலில் என் மனைவியும் அண்ணியும் தோளோடு தோள்.

"பாத்தீங்களாக்கா? நான் சொல்லல?" என்றாள் என் மனைவி.

எனக்கு விளங்கிவிட்டது. "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டா செஞ்சீங்க?"

"ஆமாங்க. பங்காளிச் சண்டைப் படத்தைப் போட்டுக் காட்டினா உங்களுக்கு உறைக்கும்னு நெனச்சோம். உறைக்கல. எரிஞ்சுது. எப்படியோ வேலை நடந்துச்சுல்ல?"

அவமானம்தான். ஆனாலும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. "அப்போ அந்த மீசைக்காரன்..?"

"ச்சே, அதெல்லாம் சும்மாங்க. உங்களை எரிய வைக்கத்தான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். இருவரும் மீசையைத் தடவிக்கொண்டோம். அப்போதுதான் கவனித்தேன். பெண்கள் இருவர் கையிலும் கைப்பை. காலில் வெளியே போகும் செருப்பு.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"நீங்கதான் ராசியாயிட்டீங்களே, ரெண்டு வீட்டையும் பாத்துக்குங்க. அவரோட அடுத்த படம் தியேட்டர்ல வந்திருக்கு."