ஊஞ்சலில் படுத்த மாமன்

என் அக்கா பெண்ணின் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு முன்பே ஊஞ்சலில் ஏறியவன் நான். ஏறினேன் என்று சொல்வதுகூடப் பெருமைக்குத்தான். நாலு பேர் சேர்ந்து என்னை அதில் கிடத்தினார்கள். முழுக் காரணமும் நானே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது விதி, திருஷ்டி, சனிப்பெயர்ச்சி என்று ஏதேதோ சேர்த்துக்கொள்கிறார்கள். சனி பகவான் பாவம், அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

யுத்தம் முடிந்த சமயம். மாட்டுங்காவில் ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், ஒன்றரை அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: நான், என் அக்கா தங்கம், அவள் மகள் ராஜம். அத்திம்பேர் பாலக்காட்டில் விஷ ஜுரத்தில் போனபோது அக்காவுக்கு இருபத்தாறு வயது, ராஜத்துக்கு ஏழு. எனக்கு ஃபோர்ட்டில் டைப்பிஸ்ட் உத்தியோகம் கிடைத்ததும் இரண்டு பேரையும் பம்பாய்க்கு அழைத்து வந்துவிட்டேன். குடும்பத்தைத் தாங்குகிறவன் என்ற நினைப்பு எனக்கு அப்போது தலைக்கேறியிருந்தது. அது தலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முதுகுக்கு இறங்கியதுதான் வம்பு.

அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, ஆட்டுக்கல்லை மாடிக்கு ஏற்றச் சுமைதூக்கும் ஹமால் ஒருவரைக் கூப்பிடலாம் என்றாள் அக்கா.

"ஹமால் எதுக்கு? நான் என்ன மண்ணாங்கட்டியா?" என்று கேட்டுவிட்டு நானே தூக்கினேன். இரண்டு மாடி. வழியில் ஓரிடத்திலும் இறக்கவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். சமையலறை மூலையில் கல்லை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போல வேஷ்டியைத் தட்டிக்கொண்டேன். உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை குழாயடியில் பல் தேய்த்து, வாய் கொப்பளிக்கக் குனிந்து, ஒரு தும்மல் போட்டேன். அவ்வளவுதான். கல்லால் ஆகாத காரியம் தும்மலால் ஆயிற்று.

அந்த வலியை வர்ணிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். இடுப்பில் தொடங்கி, இடது தொடையின் பின்பக்கமாக இறங்கி, சுண்டுவிரல் வரை போயிற்று. இருமினால் வலி, சிரித்தால் வலி, பிறர் பக்கத்தில் நடந்தால்கூட வலி. வெறும் சுளுக்கு என்று கட்டிடமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது நம் ஊர் வைத்தியம். கீழ் வீட்டு மாமி அப்படிப் பிறந்தவர். (அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்.) என்னைக் குப்புறப் போட்டு மூன்று முறை மிதித்தார். அதுவரை சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த நான் அதோடு படுத்துவிட்டேன்.

கடைசியில் தாதரிலிருந்து ஒரு பார்ஸி டாக்டர் வந்தார். யுத்தத்தில் பட்டாளத்தாருக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தில் குண்டூசியால் குத்திப் பார்த்தார். இடது சுண்டுவிரலில் குத்தியது எனக்குத் தெரியவில்லை. அப்போது அவர் முகம் மாறியது.

முதுகெலும்புகளுக்கு நடுவே, குழாயில் இருக்கும் வாஷர் மாதிரி, மெத்தென்று ஒரு தட்டு உண்டாம். அதற்குப் பெயர் டிஸ்க். என்னுடையது ஒன்று பிதுங்கி வெளியே வந்து நரம்பை அழுத்துகிறதாம். கட்டிலும் மெத்தையும் கூடாது, கட்டைப் பலகையில் ஆறு வாரம் மல்லாந்து கிடக்க வேண்டும். மறுபடி ஒரு தடவை இப்படி ஆனால் இந்தக் கால் திரும்ப வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

ஒன்றரை அறையில் ஆள் நீளத்துக்குப் பலகைக்கு எங்கே போவது? அக்கா சமையலறைக் கதவைக் கழற்றச் சொன்னாள். அதைத் தரையில் போட்டு, மேலே ஒரு ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் நான் ஆறு வாரம் கிடந்தேன். கதவில்லாத சமையலறையின் புகை முழுவதும் என்மேல்தான். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளைக்கு அக்கா உடம்பு துடைத்துவிட்டாள், மற்றதெல்லாமும் செய்தாள். ராஜம் அந்த நேரங்களில் சொல்லாமல் பால்கனிக்குப் போய்விடுவாள். கூரையைப் பார்த்தபடி நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்காமலே போனால் இந்த இரண்டு பேருக்கும் யார்? பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பல நாள் அழுதேன். படுத்தபடி அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எழுந்தேன். கான்வாஸ் துணியில் இரும்புப் பட்டைகள் வைத்துத் தைத்து, முன்னால் நாலு பக்கிள் போட்ட ஒரு பெல்ட்டை டாக்டர் கட்டிவிட்டார். "கேட்லி சலேகா, பால்டி நஹி" என்று விரலை ஆட்டிச் சொன்னார். டீக் கெட்டிலைத் தூக்கலாம், வாளியைத் தூக்கக் கூடாது. ஒரு வருஷத்துக்கு அதுதான் சட்டம். நான் மெல்ல ஆபீஸ் போகத் தொடங்கினேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்று ஸ்டேஷன் ஆகும்.

நாலு மாதத்தில், அப்போது பதினேழு வயதாகியிருந்த ராஜத்துக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கன்னிகாதானம் செய்துகொடுக்கப் பாலக்காட்டிலிருந்து அவள் பெரியப்பா வருவதாக ஏற்பாடு. தாய்மாமனுக்கு ஒரே வேலைதான். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் மாப்பிள்ளையை அவன் மாமன் தூக்குவான். இரண்டு மாமன்களும் நெருங்கியும் விலகியும் விளையாட்டுக் காட்ட, மேலே இருப்பவர்கள் மூன்று முறை மாலை மாற்றிக்கொள்வார்கள்.

"செம்பூர் சித்தியாத்துப் பிள்ளையைத் தூக்கச் சொல்லிடலாம்டா" என்றாள் அக்கா.

"மாமன் நான் உசிரோட இருக்கச்சே இன்னொருத்தன் தூக்கணுமா? பிள்ளையாத்துக்காரா என்ன பேசுவா? பொண்ணுக்குத்தான் தோப்பனார் இல்லை, மாமனும் இல்லையாம்பா."

"நீ நடந்து வந்து நின்னாலே போறும் அம்பி."

நான் கேட்கவில்லை. என் வீம்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு மாங்காய் கீறியதிலிருந்து முறுக்குச் சுற்றியது வரை எல்லாம் அக்காதான். ஆனால் முகூர்த்தத்தன்று அவள் உக்கிராண அறையில், அரிசிக்கும் வாழைத்தாருக்கும் நடுவே இருந்துவிட வேண்டும். தாலி இழந்தவள் பந்தலுக்கு வரக் கூடாது. யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு நாள் அப்பளத்துக்கு மாவு இடித்துக்கொண்டே, "கெட்டிமேளம் உள்ளயும் கேக்குமோன்னோ, அதுலயே தெரிஞ்சுண்டுடுவேன்" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் சார்பில் அந்தப் பந்தலில் நான் ஒருவனாவது முழு ஆளாக நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பு நல்ல நினைப்புதான். முதுகைக் கலந்தாலோசிக்கவில்லை.

கல்யாணத்தன்று நான் செய்த பெரிய முட்டாள்தனம் பெல்ட்டைக் கழற்றியது. பட்டு வேஷ்டி கட்டி, மார்பைத் திறந்துகொண்டு, மேலே ஒரு அங்கவஸ்திரத்தோடு நிற்க வேண்டிய இடத்தில், நாலு பக்கிளோடு குதிரைச் சேணம் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு எப்படி நிற்பது? சுருட்டி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

கட்டிடத்து முற்றத்தில் பந்தல். நான் குந்தி உட்கார்ந்தேன், ராஜத்தைத் தோளில் ஏற்றினார்கள், எழுந்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம். முதல் மாலை மாறியது. ஜனங்கள் கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் மாமா பயில்வான் மாதிரி இருந்தார். அவர் வேடிக்கைக்காகச் சட்டென்று பின்னால் துள்ளி விலகினார். நானும் விடாமல் ஓர் எட்டு எட்டி வைத்துத் திரும்பினேன்.

இடுப்பில் 'டக்' என்றது. இடது கால் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"மாமா, என்னாச்சு? என்னைக் கீழ விடுங்கோ" என்று மேலேயிருந்து ராஜத்தின் குரல் மெல்லக் கேட்டது.

"முடியலைடி. நீயே குதிச்சுடு."

கல்யாணப் பெண் பட்டுப்புடவையோடு குதித்தாள். நாயனக்காரர் அதையும் விளையாட்டு என்று எண்ணி வாசிப்பின் வேகத்தை இரட்டித்தார். நான் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தலை குனிந்து நின்றேன். நிமிர முடியவில்லை. பார்வை மங்கிய ஒரு பெரியவர், நான் அவரை நமஸ்கரிக்க வருவதாக நினைத்து, "தீர்க்காயுசா இரு" என்று தலையில் அட்சதை போட்டார். (பலித்துவிட்டது. எழுபதைத் தாண்டிவிட்டேன்.)

யாரோ என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட, நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். படுக்க வைக்க ஒரு கட்டைப் பலகை வேண்டும். பக்கத்தில் இருந்தது ஒன்றுதான். பூச்சுற்றிய சங்கிலிகளோடு, மணமக்களுக்காகக் காத்திருந்த ஊஞ்சல். அதில் கிடத்தினார்கள். ஊஞ்சலின் குணம் ஆடுவது. அது ஆடியது. நான் போட்ட சத்தத்தில் நாயனம் நின்றுவிட்டது.

உக்கிராணக் கதவு திறந்தது. அக்கா ஓடிவந்தாள். கையெல்லாம் மஞ்சள். எதையும் பார்க்காமல் நேராக வந்து, இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து ஊஞ்சலை நிறுத்தினாள். எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் பந்தலில் அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை முன்னால் வந்தார். குரலில் கோபமில்லை. "முகூர்த்த வேளை. நீங்கோ உள்ள போயிடுங்கோ. சங்கிலியை நான் பிடிச்சுக்கறேன்" என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கையை எடுத்தாள். அத்தை பிடிப்பதற்குள் ஊஞ்சல் ஓர் அங்குலம் நகர்ந்தது. நான் அலறினேன். அக்கா மறுபடி பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசை நாற்காலியிலிருந்து பார்ஸி டாக்டர் எழுந்து வந்தார். நன்றிக்காக அவரையும் அழைத்திருந்தோம். "அரே, பால்டி நஹி போலா தா! தும் லட்கி உடாயா?" என்று கத்தினார். வாளியே கூடாது என்றவரிடம் பெண்ணையே தூக்கிக் காட்டினால் வேறென்ன சொல்வார்? பிறகு என் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, ஒரு மணி நேரம் இந்த ஆளை யாரும் அசைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

பெரியப்பா காரியக்காரர். ஒரு கயிறு கொண்டுவந்து சங்கிலிகளைப் பந்தல் காலோடு இறுக்கிக் கட்டினார். ஊஞ்சல் சுவர் மாதிரி நின்றுவிட்டது. "ஆச்சு. தங்கம், நீ உள்ள போம்மா" என்றார். அக்கா சங்கிலியை விட்டாள். ஊஞ்சல் மயிரிழைகூட நகரவில்லை. எனக்கு வலியும் கூடவில்லை. அவள் திரும்பி இரண்டடி வைத்தாள்.

நான் முன்னைவிடப் பலமாக அலறினேன்.

அந்த அலறல் சுத்தப் பொய். என் ஜென்மத்தில் நான் செய்த ஒரே நடிப்பு அதுதான். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அத்தை கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாஸ்திரிகள் நாழியாகிறது என்று பதறினார். அந்த நேரத்தில் ராஜம் பேசினாள். மணையில் உட்கார வேண்டிய பெண் வாய் திறந்து பேசுவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம்.

"மாமா இப்படிக் கத்தினா மந்திரமே காதுல விழாது. அம்மா பிடிச்சுண்டு நிக்கட்டும்."

"நிக்கட்டும், நிக்கட்டும். பாவம், பிள்ளை துடிக்கறான்" என்றார் அத்தை.

மணமக்களின் ஊஞ்சல் சடங்கு, இரானி ஹோட்டலிலிருந்து வாங்கிவந்த இரண்டு நாற்காலிகளில் நடந்தது. பெண்கள் அசையாத நாற்காலிகளைச் சுற்றி ஊஞ்சல் பாட்டுப் பாடினார்கள். நான் மல்லாந்து கிடந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்தல் துணியும் அக்காவின் முகமும்தான். கன்னிகாதானம் நடந்ததை அவள் கண்ணில்தான் பார்த்தேன். கெட்டிமேளம் முழங்கியது. என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று.

"கட்டியாச்சுடா அம்பி" என்றாள்.

அவள் கை நடுங்கியது. கயிற்றையும் மீறிச் சங்கிலி குலுங்கி, இடுப்பிலிருந்து பாதம் வரை உயிர் போகிற வலி எடுத்தது. அந்த முறை நான் சத்தமே போடவில்லை.

அப்புறம் மூன்று மாதம் மறுபடியும் சமையலறைக் கதவு. கால் வந்தது, முழுசாக வரவில்லை. இடது பாதத்தை இன்றும் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறேன். இடது செருப்பு முதலில் தேய்ந்துபோகும். குனியவேண்டிய எந்தக் காரியத்துக்கும் வீட்டில் என்னைக் கூப்பிடுவதில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை.

இருபது வருஷம் கழித்து ராஜத்தின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். ஊஞ்சல் நேரம் வந்ததும் ராஜம் தன் அம்மாவைக் கைபிடித்து அழைத்துவந்து, சங்கிலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அக்கா சிரித்துக்கொண்டே பிடித்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த சாஸ்திரிகள் திகைத்துப் போனார்.

"இது என்ன சம்பிரதாயம்? நீங்கள்ளாம் எந்த ரிஷி சொன்ன சூத்திரப்படி பண்றவா?"

"ஆபஸ்தம்பம்தான். எங்காத்து ஊஞ்சலை அம்மாதான் பிடிக்கணும். இல்லைன்னா மாமா கத்துவார்" என்றாள் ராஜம்.

சாஸ்திரிகள் நம்பாமல் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அவர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.