மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்

பொருளை விற்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு; வாங்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே, கையில் காலிப் பையும் நெற்றியில் சுருக்கமுமாக நிற்கிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அவர்கள் வாங்கப் போகிறவர்கள். போய்க்கொண்டே இருப்பார்கள். ஊசி வாங்க வேண்டுமென்றால் அந்த இரும்பு எந்தச் சுரங்கத்தில் பிறந்தது, எந்த உலையில் வளர்ந்தது, காது குத்தியவர் யார் என்று பூர்வீகம் விசாரித்து, விசாரித்ததை உங்களுக்கும் சொல்லி, கடைசியில் கிழிந்த சட்டையோடே வீடு திரும்புவார்கள். "அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் அவதிப்படக் கூடாது பாருங்க" என்பது இவர்களுடைய வேதவாக்கு. பாருங்க. நாம்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் உதிரிபாகக் கிடங்கில், எனக்கு அடுத்த மேஜையில், இந்த இனத்தின் தலைமகன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர். நாங்கள் கூப்பிடுவது ஸ்டீல் சார்.

காரணப் பெயர்தான். எங்கள் கிடங்குக்குத் தினமும் அட்டைப்பெட்டிகள் வரும். டேப் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் பட்டை கட்டி, அதற்கும் மேல் இன்னொரு டேப் ஒட்டி, உள்ளே இருக்கிற பேரிங் தப்பித்து ஓடிவிடும் என்பதுபோல் சிறைவைத்து அனுப்புவார்கள். கைக்குக் கிடைத்ததை வைத்துப் பிரிப்போம்: ஸ்கேல், மூக்கு உடைந்த கத்தரிக்கோல், ஆத்திர அவசரத்துக்குப் பல். ஒருநாள் அப்படி ஒரு பெட்டியைக் குத்திக் கிழிக்கப்போய் அவருடைய ஸ்கூட்டர் சாவி வளைந்துவிட்டது. வளைந்த சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு மடக்குக் கத்தி வாங்கிடலாம்னு இருக்கேன் சார். பெருசா ஒண்ணும் வேணாம். பாக்கெட்ல போட்டுக்கிற மாதிரி, கையைக் கடிக்காத விலையில, சாதாரணமா ஒண்ணு."

நீங்களும் நானும் கத்தியைப் பற்றி என்ன நினைப்போம்? வெட்டினால் கத்தி. வெட்டாவிட்டால் மழுங்கின கத்தி. முடிந்தது கதை. ஸ்டீல் சாருக்கு அங்கேதான் கதை ஆரம்பம். மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தில் செல்போனைச் சாய்த்துவைத்து, யாரோ ஒருவர் கயிற்றை நறுக்கிக்கொண்டே இருக்கிற படத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பார். பார்த்துவிட்டு எங்களிடம் பிளேடைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அது இரண்டு அர்த்தத்திலும் பிளேடு.

முதலில் சரிவு. முதுகிலிருந்து விளிம்புவரை தட்டையாக ஒரே சீராக இழைத்திருந்தால் எதையும் நழுவிக்கொண்டு நறுக்கும். இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிந்திருந்தால் கூர்மை பயங்கரம், ஆனால் விளிம்பு நோஞ்சான். வெளியே புடைத்திருந்தால் பலசாலி, தீட்டுவதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். சரி, ஒரு சரிவைப் பிடித்தாயிற்று என்று மூச்சு விட்டால் அடுத்தது ஸ்டீல். இறுகின ஸ்டீல் என்றால் கூர் நாள்பட நிற்கும், ஆனால் அழுத்தினால் விளிம்பு பொரிந்து உதிரும். இளகின ஸ்டீல் என்றால் தீட்டுவது சுலபம், தீட்டுவதுதான் வேலையே. கார்பன் தூக்கலாக இருந்தால் கூர் நன்றாக ஏறும், கூடவே துருவும் ஏறும். துருப்பிடிக்காததாகப் பார்த்தால் இந்த விலைக்குக் கிடைப்பது இளகல். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கணக்கு.

இதற்கிடையே பெட்டிகள் வந்துகொண்டிருந்தன.

"சார், இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்களேன்" என்று வந்து நின்றார் கேஷியர் அம்மா.

"இன்னும் கத்தி வாங்கலையேம்மா."

"எப்பதான் சார் வாங்குவீங்க?"

"தட்டையா, குழிவான்னு ஒரு முடிவுக்கு வந்துட்டா உடனே வாங்கிடலாம்."

அந்த அம்மா பெட்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய் நகவெட்டியால் பிரித்தார்.

கடைக்கு என்னையும் ஒருநாள் துணைக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் செய்த பூசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கத்தியை வாங்கி, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் விளிம்பைப் பார்த்து, காதருகே வைத்துத் திறந்து மூடி, டாக்டர் நெஞ்சைத் தட்டிக் கேட்பதுபோல் பூட்டு விழுகிற "டக்"கைக் கேட்டு, சட்டைப் பையிலிருந்து தானே கொண்டுவந்த காகிதத்தை எடுத்து நீளநீளமாகச் சீவி, கடைசியாகத் தன் முன்கையை மழித்துப் பார்த்தார். மழிக்க அங்கே என்ன இருந்தது? பல மாதங்களாகவே அந்தக் கையில் முடி கிடையாது. அவர் ஏறி இறங்கிய கடைகளுக்கு அதுதான் அத்தாட்சி.

கடைக்காரர் பொறுமைசாலி. "எதை வெட்டுறதுக்கு சார்?" என்றார்.

"பொதுவா."

"பொதுவான்னா? பழமா, கயிறா, அட்டையா?"

"எல்லாத்தையும்தான்னு வச்சுக்கங்களேன்."

"அப்ப எதை எடுத்தாலும் வெட்டும் சார்."

வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டு, "பாத்தீங்களா, வியாபாரம் பண்றாரே தவிர விஷயம் தெரியல" என்றார். காலிப் பையோடு திரும்பினோம்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் இதே பாடம்தான் நடந்திருக்க வேண்டும். ஒருநாள் அந்த அம்மா நேராகச் சொல்லிவிட்டாராம்: "இந்த வாரத்துக்குள்ள ஒரு கத்தி வீட்டுக்கு வரணும். இல்லேன்னா இனிமே சாப்பிடுற எடத்துல கத்திங்கிற பேச்சே வரக் கூடாது." பேச்சை விடுவதைவிடக் கத்தியை வாங்குவது சுலபம் என்று ஸ்டீல் சாருக்குப் பட்டது. வரவழைத்துவிட்டார்.

கத்தி ஓர் அட்டைப்பெட்டியில் வந்தது. டேப் ஒட்டி இருந்தது. கேஷியர் அம்மாவிடம் கத்தரிக்கோல் கடன் வாங்கிப் பிரித்தார். சுற்றி நின்ற நாங்கள் யாரும் சிரிக்கவில்லை; சிரித்தால் விளக்குவாரே என்ற பயம். கத்தியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், திறந்தார், மூடினார், மெல்லிய துணியால் துடைத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நான் ஆசையாக ஒரு பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

"முதல் வெட்டு இதுலயா சார்?" என்று பதறினார். "டேப்புல பசை இருக்கு, விளிம்புல அப்பிக்கும். அட்டையில பொடிப்பொடியா மணல் மாதிரி தூசி இருக்கும், கூர் போயிடும்."

"அப்ப எதைத்தான் வெட்டுவீங்க?"

"தகுந்ததா ஒண்ணு வரட்டும்."

ஆப்பிள் தகுதி பெறவில்லை. புளிப்பு ஸ்டீலைத் தின்னுமாம். கயிறு தகுதி பெறவில்லை, முரட்டு நாராம். இதுவரை கத்தியை ஆராய்ந்தவர் இப்போது வெட்டப்படப் போகிற வஸ்துக்களை ஆராயத் தொடங்கினார். உலகத்தில் எதுவும் தேறவில்லை.

தகுந்தது ஒரு சாயங்காலம் தானாக வந்தது.

டீச்சரம்மா பள்ளி விட்டதும் நடந்து எங்கள் கிடங்குக்கு வந்துவிடுவார். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு ஊசிக்காற்று. கழுத்தைச் சுற்றி நீளமான கம்பளிச் சால்வை போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். வாசலில் நின்ற நான் கையசைத்தேன். வண்டி நகர்ந்து வேகம் எடுக்கும் முன்பே, பின்னால் பறந்த சால்வையின் நுனியைப் பின்சக்கரம் கவ்விக்கொண்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அந்த அம்மா போட்ட சத்தம் பாதியிலேயே நின்றுபோயிற்று. ஸ்டீல் சார் பிரேக்கை அழுத்தி, காலை ஊன்றி இறங்கினார். நான் ஓடினேன். டீச்சரம்மா பின்பக்கமாக வளைந்து கிடந்தார். தொண்டைக்கும் துணிக்கும் நடுவே விரல்களை நுழைத்து இழுத்துப் பிடித்திருந்தார். முகம் சிவந்து கறுத்துக்கொண்டு வந்தது. சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டப் பார்த்தேன். இடுக்கில் இறுகிய கம்பளி அதை அசையவிடவில்லை.

"கத்தி! கத்தியை எடுங்க சார்!"

எடுத்தார். திறந்தார். "டக்" என்று பூட்டு விழுந்தது. பிறகு அப்படியே நின்றார்.

ஆமாம், நின்றார். விளிம்பு கெட்டுவிடும் என்று யோசித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு கல்நெஞ்சர் இல்லை. இழுத்து வெட்டுவதா, அழுத்தி வெட்டுவதா, நுனியாலா, அடியாலா, தொண்டைப் பக்கமா, முதுகுப் பக்கமா என்று படித்ததெல்லாம் ஒரே சமயத்தில் மூளையின் வாசலில் வந்து முட்டிக்கொள்ள, ஒன்றுகூட வெளியே வரவில்லை. உதடு மட்டும் "கம்பளி... கம்பளி..." என்றது.

டீச்சரம்மா ஒரு கையைக் கழுத்திலிருந்து விடுவித்து, கணவர் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, தோளுக்குப் பின்னால் விறைத்து நின்ற துணியில் வைத்து ஒரே இழுப்பு. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

நான் தாங்கிப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தேன். இருமினார், மூச்சு வாங்கினார், மறுபடி இருமினார். கழுத்தில் சிவப்பாக ஒரு தடம். ஸ்டீல் சார் எதிரே மண்டியிட்டு, "ஒண்ணும் ஆகலையே? உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் வந்ததும் அந்த அம்மா கத்தியை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கத்தி நல்லாத்தாங்க இருக்கு."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பாராட்டினார். அதற்குத்தான் ஸ்டீல் சார் அழுதார். கிடங்கு வாசலில், லாரிக்காரர்கள் வேடிக்கை பார்க்க, மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "சரி சரி, எந்திரிங்க. நான் ஓட்டுறேன்" என்றார் அந்த அம்மா.

கத்தி இப்போது டீச்சரம்மாவின் கைப்பையில் இருக்கிறது. பார்சல் பிரிக்கிறார், பென்சில் சீவுகிறார், பெயின்ட் டப்பாவின் மூடியை அதால் நெம்பித் திறக்கிறார். நெம்பும்போது மட்டும் கணவர் கண்ணை மூடிக்கொள்கிறாராம். கொஞ்ச நாள் எங்கள் மேஜைப் பக்கம் பெரிய அமைதி நிலவியது. மனிதர் திருந்திவிட்டார் என்றே நம்பினேன். நேற்று நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"சார், அன்னைக்கு மாதிரி ஒரு அவசரம்னா, ரம்பம் மாதிரி பல்லு வச்ச பிளேடு இன்னும் சரியா இருக்குமோ? பாதிவரைக்கும் பல்லு போதுமா, முழுக்கவே வேணுமா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஒரு பெண்ணுக்குக் கழுத்து இறுகி உயிர் போய் உயிர் வந்தது; ஒருவர் நடுத்தெருவில் மண்டியிட்டு அழுதார்; எல்லாவற்றையும் படித்தீர்கள், மனமும் இளகியிருக்கும். இந்த நிமிஷத்தில் உங்கள் மனத்தின் ஓர் ஓரத்தில், "அதெல்லாம் சரி, அது என்ன ஸ்டீல்? என்ன சரிவு? கடைசிவரைக்கும் அதைச் சொல்லவே இல்லையே" என்று ஒரு குரல் முனகவில்லையா?

முனகினால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. சொல்லவும் மாட்டேன். சொன்னால், அதே விலைக்கு அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது என்று எனக்கே விளக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.