எழுதியவர் எழுதியபடி

சங்கரசுப்பு எழுதிக் கொடுத்த வாழ்த்துப்பாவில் நாலு பிழை இருந்தது. அன்றைக்குக் குற்றாலநாதனுக்குக் காலைக் காப்பி இனித்ததே அதனால்தான்.

சங்கரன்கோவிலில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல் அடித்து, மைக்கில் வாசித்து, பந்தல் முழுக்கக் கொடுப்பார்கள். பத்து வருஷமாக அந்தப் பாட்டையெல்லாம் எழுதியவர் குற்றாலநாதன். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவரும் அவரே. இப்போது ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு, உரக்கடையில் யூரியா நிறுத்துக்கொண்டிருந்த பயலிடம் பாட்டு வாங்கியிருக்கிறார்கள். இது எடுபட்டுவிட்டால் இனி இவரை யார் தேடி வருவார்கள்?

வீட்டில் பிழைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். மனைவி வடிவாம்பாள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"பிழை கிடக்கட்டும். பாட்டு நல்லாருக்கா, இல்லியா?"

"மணமகன மனமகன்னு எழுதியிருக்கான். இதுல என்னட்டி நல்லாருக்கு?"

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க."

நன்றாகத்தான் இருந்தது. வயிறு எரிந்ததும் அதற்குத்தான்.

திருத்தினால் சங்கரசுப்புவுக்குப் பெயர். திருத்தாவிட்டால் மடலின் அடியில் பேர் போட்டிருக்கும் அச்சகத்துக்குக் கெட்ட பெயர். யோசித்துவிட்டு, ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எழுதியவர் எழுதியபடி' என்று கோத்தார். சின்ன எழுத்து கண்ணில் படாதோ என்று சந்தேகம் வந்தது. தடித்த எழுத்தாக மாற்றினார்.

கல்யாணத்தில் மடலை வாசித்தவர் ஆவுடையப்பன் வாத்தியார். தடித்த எழுத்தைக் கண்டதும், அது பல்லவியாக்கும் என்று குரலைத் தூக்கி இழுத்துப் பாடினார். பந்தல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த தடவை வந்தபோது தவில்காரர் ஒரு தட்டுத் தட்டினார். அதற்கடுத்து பெண்கள் பக்கமே சேர்ந்து பாடியது.

குற்றாலநாதன் பதறிப்போய் மேடையேறினார். அது பிழைக்கு வைத்த அடையாளம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் ரைஸ்மில்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வே வாத்தியாரே, அச்சாபீஸ் அண்ணாச்சியே சந்தோசம் தாங்காம மேடைக்கு வந்துட்டாக. இன்னொருக்கா வாசியும்."

இரண்டாவது வாசிப்பில் சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து பாடினார்கள். சங்கரசுப்புவின் கழுத்தில் சம்பங்கி மாலை விழுந்தது. பனவடலிசத்திரத்திலிருந்து வந்த சம்பந்தக்காரர்கள், அடுத்த முகூர்த்தத்துக்கும் அவன் பாட்டுத்தான் என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

குற்றாலநாதன் பந்தியில் உட்காரவில்லை. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்த சங்கரசுப்பு, மாலையைக் கழற்றி அவர் கையில் வைத்தான்.

"இத வடிவு மதினிகிட்டக் குடுத்திருங்க அண்ணாச்சி. பாட்டு அவுக எழுதினது, நான் பாத்து எழுதுனதுலதான் பிழை. ஒங்ககிட்ட நேரா நீட்டுனா வாசிக்காமலே கிழிச்சிருவீகன்னு எம்பேர போடச் சொன்னாக."