மடக்கு ஸ்டாண்டு விழுந்த வகை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். முப்பத்தொரு வருஷமாக உனக்கு ஏன் கடிதம் போடவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ செய்து அனுப்பிய மடக்கு பெஞ்சில் என் மாமியார் உட்கார்ந்தார்; அடுத்த நொடி தரையில் இருந்தார். விருந்தாளிகள் ஏழு பேர் முன்னால். "உன் தம்பி பெஞ்சு நல்லாத்தான் மடங்குது" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயம் வேறு. என் பேத்தி துப்பாக்கி சுடப் பழகுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. குறி அட்டையை மாட்ட அவரவரே ஸ்டாண்டு கொண்டுவர வேண்டுமாம். உன் மருமகன், அதுதான் என் மகன், ஆபீசில் பேனா பிடிக்கிறவன், நானே செய்கிறேன் என்று இரண்டு மரச்சட்டத்தை மேலே கீல் போட்டு ஏணி மாதிரி இணைத்தான். செய்த அன்று வீட்டில் நன்றாகத்தான் நின்றது. மைதானத்துக்குக் கொண்டுபோனால் காலிரண்டும் மெல்ல விலகி விலகிப் படுத்துவிட்டதாம். ஒருத்தி ஸ்டாண்டு விழுந்தால் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். அவன் கீலை மாற்றினான், ஆணியைப் பிடுங்கித் திருகாணி போட்டான், காலுக்கடியில் ரப்பர் ஒட்டினான், மறுநாளும் விழுந்தது. "மூணாவது தடவை விழுந்தா தேர்வுக்கு வராதம்மா" என்றுவிட்டாராம் பயிற்சியாளர். பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அப்பனோடு பேசுவதுமில்லை, எனக்கு வாசலில் கதவு அடித்தாலே ஸ்டாண்டு விழுந்த சத்தமாகக் கேட்கிறது. இதில் மருமகள் வேறு, "உங்க தம்பி கைவாசி இவருக்கும் வந்துடுச்சு அத்தை" என்றாள். அதையும் மனசில் முடிந்து வைத்திருக்கிறேன்.

விழுகிற சாமான் செய்தவனுக்குத்தான் விழுகிற காரணம் தெரியும். அதனால் மானத்தை விட்டுக் கேட்கிறேன், சனிக்கிழமைக்குள் உளியோடு வா. பெஞ்சைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். திறந்தால் பொறுத்துக்கொள்.

என் பித்தளைச் செம்பை இன்னும் திருப்பித் தராத உன் மனைவிக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் பேத்தி வந்து, "பாட்டி, ஸ்டாண்டுக்கு நடுவுல அப்பா ஒரு கயிறு கட்டியிருந்தாரே, பாத்தியா?" என்றாள். பார்த்தேன். பழைய பேப்பரைக் கட்ட அவிழ்த்தவளே நான்தான். எல்லோரும் கீலையே முறைத்துக்கொண்டிருந்தார்கள், கயிற்றை யாரும் தேடவில்லை. திரும்பக் கட்டியதும் தூண் மாதிரி நிற்கிறது. பிள்ளை இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

உன் பெஞ்சிலும் நடுவில் ஒரு கயிறு இருந்தது. அன்று காலை எங்கள் வீட்டில் துணிக்கொடி அறுந்திருந்தது. நீ எப்படியும் வா. உளி வேண்டாம், கொஞ்சம் கயிறு கொண்டு வா.