ஒரு மாடு தாங்கும் பாலம்

பிரஸ்ஸல்ஸில் கூட்டணிப் படைத் தலைமையகத்துச் சமையலறையில் சூப் வைக்கும் என் அக்கா மகன் ரொகாஸுக்கு, லிதுவேனியாவில் நம் ஊரிலிருந்து உன் மாமா ஆல்பினாஸ் எழுதுவது. நானும் மாடு மார்கேயும் நலம். மார்கே மட்டும் கொஞ்சம் இளைத்துவிட்டாள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் ஓடை மேலிருந்த மரப்பாலம் உளுத்துப்போனது உனக்குத் தெரியும், நம் புல்வெளியோ அக்கரையில். பத்து வருஷமாக ஊராட்சித் தலைவி நியோலேயிடம் கேட்டேன் (அவள் கல்யாணத்தில் அக்கார்டியன் வாசித்தது நான்தான், அதோடு ஓடையில் விழுந்ததும் நான்தான், அதை விடு). இந்த வசந்தத்தில் அவளே ஓடி வந்தாள்.

"அண்ணே, மாட்டுக்குன்னு கேட்டா ஒரு பலகைகூட வராது. பீரங்கி வண்டி போகணும்னு எழுதுங்க. இப்ப எல்லா நாடும் பாதுகாப்புச் செலவைக் கூட்டிக் காட்டணுமாம், பாலமும் அதுல சேரும்."

எழுதினேன். மூன்று நாட்டு அதிகாரிகள் வந்தார்கள், முதல் வேலையாகப் பழைய பாலத்தைப் பிரித்துப் போட்டார்கள், அப்புறம் கரையில் உட்கார்ந்து ஒரே சண்டை. ஜெர்மன்காரர், "எங்க வண்டி எடைக்குத்தான் கட்டணும்" என்கிறார். பிரெஞ்சுக்காரர், "இரும்பை ஐரோப்பாவுலயே வாங்குவோம், எத்தனை நாளைக்கு அமெரிக்காக்காரன் கையைப் பாத்துக்கிட்டு நிக்கிறது?" என்கிறார். நம்ம லிதுவேனியா மேஜர், "மெதுவாப் பேசுங்கய்யா! அவன் கோவிச்சுக்கிட்டுப் போனா எல்லையில தனியா நிக்கிறது நாங்கதானே?" என்று கெஞ்சுகிறார். பக்கத்து வீட்டு ஸ்டாசே குளிர்ந்த பீட்ரூட் சூப் ஊற்றினாள். நல்லா இருக்குன்னு மூணு பேரும் ஒரே குரலில் சொன்னாங்க, கூட்டணி ஒத்துப்போனது அதுல மட்டும்தான். நான் கழுத்தளவு தண்ணியில போய்ப் புல்லை அறுத்துக் காயப்போட்டேன், தூக்கி வர வழியில்லை. மார்கே தண்ணியில கால் வைக்கமாட்டா, அவ அம்மாவும் அப்படித்தான். மழை வந்தா புல் அழுகிடும், குளிர்காலத்துல அவ என்னத்தைத் தின்பா? பெரிய அதிகாரிக்குச் சூப் வைக்கிறப்ப காதுல ஒரு வார்த்தை போடு ராசா: பீரங்கி வேணாம், மாடு போனாப் போதும்.

கர்த்தர் உன் கைப்பக்குவத்தைக் காக்கட்டும். உன் அம்மாவிடம் என் இருமல் நின்றதாகச் சொல், நிற்கவில்லை.

பி.கு.: யாரிடமும் வாய் திறக்காதே. இந்தக் கடிதத்தை வாங்கத் தபால்காரி ரெண்டு வாரமா வரலை, அதுக்குள்ள நானும் ஸ்டாசேயும் நாலு மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுட்டோம். மார்கே முதுகுல கட்டுக் கட்டா ஏத்திப் புல்லெல்லாம் வீடு வந்தாச்சு. அந்த மூணு பேரும் அதுமேலயே நடந்து பாத்துட்டு, "எவ்வளவு தாங்கும்?"னு கேட்டாங்க. "ஒரு மாடு"ன்னேன். எழுதிக்கிட்டாங்க. இப்ப மூணு நாடும் தான்தான் கட்டினதா பாதுகாப்புச் செலவுல காட்டியிருக்காம். அதனால பாலத்தை விடு. நம்ம நீராவிக் குளியல் குடிசையில கூரை ஒழுகுது. பீரங்கி வண்டி குளிக்குமான்னு மட்டும் விசாரிச்சு எழுது.