சர்க்கார் துணிக்குத் தொப்பிக் குறி

மதுரையில் யாராவது முந்தானை முழுசாக இருக்கும் புடவை உடுத்தி நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அவர் இன்னும் எங்கள் ஒட்டு டீச்சரைச் சந்திக்கவில்லை.

டீச்சருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் பெண்கள் டிரெய்னிங் பள்ளிக்கூடத்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தையல் வகுப்பு அவர் பொறுப்பு. பழந்துணிகளை ஒட்டுப் போட்டுப் போர்வை தைப்பதில் அவருக்கு இருந்த வெறி சொல்லி முடியாது. ஜாக்கெட்டின் இடது கை பச்சை, வலது கை ஊதா. தலையை மூடிய முக்காட்டில் எத்தனை துண்டுகள் என்று எண்ணத் தொடங்கியவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள். இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிய கத்தரிக்கோல் நடக்கும்போது சத்தம் போடும். அது கேட்டதும் விடுதிப் பெண்கள் முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வோம்.

யுத்தம் முடிந்தும் துணிப் பஞ்சம் முடியாத நாட்கள் அவை. கண்ட்ரோல் கடையில் நாள் முழுக்க நின்று வாங்கிய புடவையில் ஒரு மூலை கேட்டால் யார் கொடுப்பார்கள்? டீச்சருக்குக் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களிடம் அவர் பேச்சுக் கொடுத்தார். பேசி முடித்துத் திரும்பும்போது மூலை இருக்காது.

ஒருமுறை எதற்கோ விசாரிக்க வந்த ஏட்டுக்கு டீ கொடுத்து உட்காரவைத்துக் குடும்பக் கதை கேட்டார். மறுநாள் ஏட்டு பள்ளிக்கூட வாசலில் சிவப்புத் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"டீச்சர், சுத்திப் பாத்தா காதோட நின்னு போகுது. வால் எங்க?"

"தலை பெருத்திருக்கும் ஏட்டையா. புரமோசன் வரப்போகுது போல."

ஏட்டு சந்தோஷமாகப் போய்விட்டார். சிவப்புத் துண்டு போர்வையின் நடுவில் குந்திக்கொண்டது.

அந்தப் போர்வையைத் தைத்து முடிக்கும் எண்ணமே டீச்சருக்கு இல்லை. ஒரு தகரப் பெட்டிக்குள் அது வளர்ந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு விசேஷம் உண்டு. சலவைக்காரர் சேங்கொட்டை மையால் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி போடுவார் அல்லவா? எல்லோரும் அதை உள்பக்கம் மறைத்துத்தான் உடுத்துவோம். டீச்சர் துண்டு வெட்டும்போதே குறி இருக்கும் மூலையாகப் பார்த்து வெட்டி, அதை மேல்பக்கம் தெரியத் தைப்பார். ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி, ஒரு வீட்டுக்குச் சூலம், ஒரு வீட்டுக்கு மீன்முள். போர்வையை விரித்தால் ஊரே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இந்தக் கலையை யாரிடம் கற்றார்? எங்களைக் குடைந்த கேள்வி அது. கேட்கும்போதெல்லாம் வேறு வேறு பதில் வரும். ஒருநாள், "தேருல தொங்குற துணித் தொம்பை தைக்கிறவரு எங்க பக்கத்து வீடு. சன்னல் வழியாப் பாத்தேன்" என்பார். இன்னொரு நாள், "குடை ரிப்பேர்காரர்கிட்ட" என்பார். மற்றொரு நாள், தன் அப்பாவைச் சொல்லி, "எங்கத்தா சர்க்கஸ் கூடாரம் தைச்சாரு. நான் மேல ஏறி ஒட்டுப் போட்டேன்" என்பார். மூன்றையும் நாங்கள் நம்பவில்லை. மூன்றாவதைக் கொஞ்சம்கூட நம்பவில்லை.

தமுக்கம் மைதானத்துக்கு சர்க்கஸ் வந்தது. எங்களையும் கூட்டிப்போனார்கள். சிங்கம் வந்து வாயைத் திறக்கிறது, கூட்டம் மூச்சை அடக்குகிறது. எங்கள் டீச்சர் சிங்கத்துக்கு முதுகைக் காட்டி எழுந்து நின்று, கூடார உச்சியைக் கைநீட்டிக் கத்துகிறார்: "அந்தா பாரு புள்ள, அந்த நீல ஒட்டு! என்னோடது! இன்னும் பிரியல!"

"உக்காரும்மா, சிங்கம் பாக்க வந்தமா ஒன்னையப் பாக்க வந்தமா?" என்று பின்னாலிருந்து கூச்சல். அப்போது கோமாளி ஓடிவந்தான். டீச்சரை உற்றுப் பார்த்தான். பிறகு தன் கால்சட்டையின் முழங்காலைக் காட்டி, "தாயி, ஒங்கத்தா போன பெறகு இத யாரும் சரியாத் தைக்கல. பாரு, எப்படிக் கெடக்குனு" என்றான். டீச்சர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அன்றைக்குக் கோமாளி ஆட்டம் தாமதமானதற்குக் காரணம் அதுதான்.

அதற்குப் பிறகு குடைக்காரரையும் தொம்பைக்காரரையும் நம்பத் தொடங்கினோம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பேரையூருக்குத் தெற்கே அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. எங்கள் பரம்பரையிலேயே எழுத்து படித்த முதல் ஆள் நான். இதை நான் தேவைக்கு அதிகமாகவே எல்லோரிடமும் சொல்வதாக விடுதியில் ஒரு புகார் உண்டு. இப்போதும் சொல்லிவிட்டேன்.

அய்யா ஒருதடவை என்னைப் பார்க்க வந்தார். டீச்சர் அவர் தோளில் கிடந்த துண்டையே பார்த்தார். அய்யா அதை உருவி நீட்டி, "முழுசா எடுத்துக்கங்க தாயி. ஏம்புள்ளைக்கு வாத்திச்சி நீங்க" என்றார். டீச்சர் நான்கு மூலையும் புரட்டிப் பார்த்தார்.

"குறியக் காணோமே?"

"எங்க ஊர்ல எங்க துணிய வெளுக்க ஆளு வராதுங்க. நாங்களே தொவச்சுக்கிருவோம்" என்றார் அய்யா.

டீச்சர் ஒரு மூலையை மட்டும் வெட்டி, கறுப்பு நூலோடு என் கையில் கொடுத்தார். "குறி நீயே போடு."

நான் படித்தவள். எனக்கு எதற்குப் புள்ளியும் சூலமும்? 'மாயாண்டி' என்று அய்யா பெயரை முழுசாகத் தைத்தேன். டீச்சர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுத்து கோணலா இருக்கு புள்ள. ஆனா ஆளு நிமுந்து நிக்கிறாரு." அந்தத் துண்டு ஏட்டுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தது.

இப்படி நாட்கள் போகும்போது இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. டீச்சரிடம் சர்டிபிகேட் கிடையாது. வகுப்பில் தைத்த மாதிரிகளைப் பார்த்து அம்மா திருப்தி சொன்னால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மாதிரி தைக்க சர்க்காரிலிருந்து புது வெள்ளைத் துணியும் வந்தது.

டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஆத்தப் பாக்காத துணியில நான் ஊசி வைக்க மாட்டேன்." ஆளுக்கொரு துண்டாக வெட்டி, அத்தனையையும் வெளுக்கப் போட்டுவிட்டார்.

சலவைக்காரர் கடமை தவறாதவர். குறி போடாமல் ஒரு கைக்குட்டையைக்கூட வைகையில் நனைக்காதவர்.

"யாரு வீட்டுத் துணி டீச்சர்?"

"சர்க்கார் வீட்டுத் துணிண்ணே."

சர்க்காருக்கு அதுவரை அவர் குறி போட்டதில்லை. யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். துணி திரும்பி வந்தபோது ஒவ்வொரு துண்டின் மூலையிலும் கறுப்பாக, அழகாக, ஒரு வெள்ளைக்காரத் தொப்பி.

தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஊரெல்லாம் 'வெள்ளையனே வெளியேறு' என்று கத்திக்கொண்டிருந்த காலம். சர்க்கார் துணியில் சர்க்கார் தொப்பியைக் கேலி செய்தது போல இருந்தால் என்ன ஆகும்? எலுமிச்சம்பழம் தேய்த்தோம். உவர்மண் தேய்த்தோம். துணி இன்னும் வெளுத்தது, தொப்பி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மூலையை மடித்து உள்ளே தைத்துவிடலாமே என்றேன் நான்.

"குறிய மறைச்சா அது திருட்டுத் துணிடி" என்றார் டீச்சர். தொப்பிகள் மேல்பக்கமே நின்றன.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். மேசையில் பொத்தான் துளையும் இழையோட்டமுமாக மாதிரிகள் வரிசையாக இருந்தன. அம்மா ஒரு தொப்பியைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதைப் பார்த்தார்.

"இது என்ன?"

"குறிங்கம்மா. சர்க்கார் வீட்டுக் குறி."

"தொப்பியா?"

"வெளுக்கிறவருக்குத் தெரிஞ்ச சர்க்கார் அதாங்கம்மா."

தலைமையாசிரியை கண்களை மூடிக்கொண்டார். அன்றைக்கென்று பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியிருந்த போர்வைப் பக்கம் அம்மா நடந்தார். ஒவ்வொரு துண்டாக விரலை ஓட்டியவர், ஓர் அரக்கு நிறத் துண்டில் நின்றார். அதில் பிறைக்கு மேல் இரண்டு புள்ளி.

"இது எங்க வீட்டுக் குறி. இது என் புடவை!"

"ஆமாங்கம்மா. போன வருசம் பெஞ்சு ஆணியில மாட்டிக் கிழிச்சுட்டுப் போனீங்க. தரையில கெடந்தா மிதிபடும்ல? அதான் மேல ஏத்திட்டேன்."

அம்மாவின் விரல் தன் துண்டிலிருந்து பக்கத்துக்கு நகர்ந்தது. அங்கே ஏட்டு இருந்தார். ஏட்டுக்கு அடுத்து எங்கள் அய்யா இருந்தார்.

"மாயாண்டி" என்று அம்மா சத்தமாகப் படித்தார். "இது யார்?"

"எங்க அய்யாம்மா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அம்மா என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புடவையைக் கவனமாகப் பிடித்தபடி, அதே ஆணியைத் தாண்டி வாசலுக்குப் போய்த் திரும்பினார்.

"அடுத்த வருஷம் நான் வரும்போது இந்தத் தொப்பி இருக்கக் கூடாது."

அடுத்த வருஷம்! தலைமையாசிரியை கண்களைத் திறந்தார். வேலை தப்பித்தது என்று எங்களுக்கு உறைக்கும் முன்னே டீச்சர் பதில் சொல்லிவிட்டார்:

"அது எங் கையிலயா இருக்குங்கம்மா?"

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வராந்தா முடியும்வரை அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தோம்.

படிப்பு முடிந்து நான் கிளம்பிய அன்று, வெட்டுவதற்கு வசதியாக முந்தானையை நானே நீட்டினேன். "ஓந்துண்டுதான் ஏற்கெனவே இருக்குல்ல, போ" என்று டீச்சர் தட்டிவிட்டார். எனக்குக் கோபமாகக்கூட வந்தது. மூட்டையைக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான், அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

இப்போது உசிலம்பட்டியில் பள்ளிக்கூட வாத்திச்சியாக இருக்கிறேன். என் துணி வெளுக்க ஆள் வருகிறார். சென்ற வாரம் அவர் ஒரு புடவையை விரித்து, உள்பக்கம் ஓரத்தில் நுணுக்கமாகத் தைத்திருந்த ஊதாத் துண்டைக் காட்டினார். டீச்சர் ஜாக்கெட்டின் வலது கை. அதில் ஒரு குறி.

"வேற வீட்டுக் குறியா இருக்கே டீச்சர், துணி மாறிப் போச்சா?"

"மாறலண்ணே" என்றேன். "அதுவும் எங்க வீட்டுக் குறிதான்."